ஏணியாக மாறும் நூலக நாற்காலி: பார்த்தேன், வாங்கவில்லை

இங்கிலாந்தின் டெட்பரி ஊரில் பழம்பொருள் கடைகளுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்றில் பார்த்த நாற்காலி இது. மகோகனி மரம், பிரம்பு இருக்கை, வாள் போல வளைந்த கால்கள். கொக்கியை விடுவித்து முதுகைப் பிடித்து முன்னால் கவிழ்த்தால் நாலு படி ஏணி! கிராமத்து மாளிகைகளில் புத்தக அலமாரி கூரை வரை போன காலத்துச் சாமான், மேல் தட்டுப் புத்தகத்தை எடுத்து அதிலேயே உட்கார்ந்து படிக்கலாம். லண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியில் கடை வைத்திருந்த மார்கன் அண்ட் சாண்டர்ஸ் விற்ற வகை, 1811இல் ஆக்கர்மன் என்ற லண்டன் பதிப்பாளரின் பத்திரிகையில் படத்தோடு வந்தது.

அதே பட்டறையில் செய்தது என்றார் கடைக்காரர். சரி, ஆதாரம்? முத்திரையும் இல்லை, ஒட்டிய சீட்டும் இல்லை, பித்தளைக் கீல் பளபளவென்று புதுசு, திருகுகளெல்லாம் இயந்திரத்தில் கடைந்த மாதிரி அச்சு அசலாக ஒரே அளவு. மரம் பழசுதான், சந்தேகமில்லை. அப்புறம், உட்கார நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டாம் படியிலேயே லேசாக ஆடுகிறது. கவிழ்த்து, புரட்டிப் பார்க்க மனிதர் முகம் சுளிக்காமல் விட்டார், அதற்கு ஒரு சபாஷ். விலைதான் அசல் முத்திரை உள்ளதற்குக் கேட்கிற விலை. வாங்குகிறவர்கள் எந்தெந்தப் பாகம் மாற்றியது என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.