நீரில்லா ஆறு, நெட் இல்லா வைஃபை

வேலூரைக் கிண்டல் செய்ய எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வரிசை உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதில் கோயிலுக்கு மட்டும் 1981-ல் விடிவு வந்தது; ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து கோட்டைக்குள் வைத்தார்கள். பாலாறுகூட 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடி ஒருமுறை மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இந்தச் சித்திரையில் ஊருக்குப் போனபோது அந்த வரிசையில் நான் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது: நெட் இல்லா வைஃபை.

நான் சிங்கப்பூருக்குப் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. ஊர் லத்தேரி. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, குடியாத்தம் பஸ் பிடித்தால் அரைமணி நேரம். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. முட்டி தேய்ந்துவிட்டதால் இரவெல்லாம் தரையில் உட்கார்ந்து கூத்துப் பார்க்க முடிவதில்லை. ஒரு காலத்தில் சித்திரை, வைகாசி வந்தால் எந்தெந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கும் அக்னி வசந்தம் என்று விசாரித்து, போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். இப்போது அதே கூத்தை யாராவது செல்போனில் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது 43 அங்குல டிவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனது அதற்காகத்தான். டிவியில் நெட் வராவிட்டால் எங்கள் வீட்டில் துரியோதனன் படுகளத்துக்கே வரமாட்டான்.

"பத்து நாளா நெட்டு வர்லடா" என்றார், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

டிவியைப் போட்டேன். வைஃபை அடையாளத்தில் எல்லாக் கோடும் இருந்தன. பக்கத்தில் ஒரு வரி: 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை.' அதே வைஃபையில் என் போன் பறந்தது. சரி, பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று மறுநாள் காலை இட்லி சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தேன். டிவியை ரிமோட்டில் அணைக்காமல் பிளக்கையே பிடுங்கி இரண்டு நிமிஷம் விட்டேன். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்யும், முழுசாக நிற்காது. பிறகு மோடத்தை அணைத்துப் போட்டேன். டிவியில் வைஃபை பெயரை மறக்கச் சொல்லி, கடவுச்சொல்லை மறுபடி அடித்தேன். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து கடவுச்சொல் அடிப்பது ஒரு தவம். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்-ஐ 8.8.8.8 என்று மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மோடம் ஹாலில் ஷோகேஸ் மேல் இருக்கிறது. டிவி அப்பாவின் அறையில். நடுவில் தாத்தா கட்டிய கருங்கல் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. வைஃபைக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, கொஞ்சம் முரட்டு ஆள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தன. மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். போனை எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து வேகம் பார்த்ததில் 5-ல் நான்கு எம்பிபிஎஸ், 2.4-ல் முப்பது. நெட்ஃபிளிக்ஸே 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்கிறது; யாரோ கூட்டத்துக்குள் நின்று ஆடி ஆடிப் பிடித்த கூத்து வீடியோவுக்கு முப்பது தாராளம். டிவியை 2.4-ல் இணைத்தேன். கோடுகள் நிறைந்தன. இணையம் இல்லை.

அப்போதே என் போனின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதில் ஓடினால் கோளாறு மோடத்தில் அல்லது லைனில், ஓடாவிட்டால் டிவியில். இரண்டு நிமிஷச் சோதனை. அதைச் செய்யாமல் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

இணைப்பு அப்பா பெயரில் என்பதால் அவர்தான் பேச வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். "எந்த மாவட்டம் சார்?" என்றது அந்தப் பெண் குரல். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "வடாற்காடு" என்றார். அந்தப் பக்கம் தட்டச்சு சத்தம் கேட்டது, நின்றது. "அப்படி ஒரு மாவட்டம் சிஸ்டத்தில் இல்லையே சார்." இருக்காது. வடாற்காடு 1989-லேயே இரண்டானது. மிஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019-ல் மூன்றானது. அப்பாவின் சிஸ்டத்தில் அந்தத் தகவல் இன்னும் ஏறவில்லை. நான் குறுக்கே புகுந்து "வேலூர்" என்று சொன்ன பிறகு புகார் பதிவானது. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன் என்றேன். மறுபடி போடச் சொன்னார்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் ஆள் வருவார் என்றார்கள். மறுநாள் மதியம் ஆளுக்குப் பதில் குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' சிங்கப்பூரிலும் புகார்கள் இப்படித் தானாகத் தீருவது உண்டு, அங்கே மன்னிப்பும் சேர்த்து அனுப்புவார்கள்.

அந்தக் கோபத்தில்தான் ஹாட்ஸ்பாட் ஞாபகம் வந்தது. இணைத்தேன். அதிலும் 'இணையம் இல்லை.' ஆக லைன் குற்றவாளி இல்லை, டிவிதான். டிவி கம்பெனியின் சர்வீஸுக்குச் சொன்னேன். இவர்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். உச்சி வெயிலில் வேலூரிலிருந்து வண்டியில் வந்தவருக்கு அம்மா மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு, மெனுவுக்குள் போய், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு டிவியை மாற்றப் பார்த்தார். கணக்கு நுழையும் இடத்தில் அது நின்றுவிட்டது. "போர்டு மாத்தணும் சார். வைஃபை அதுலயேதான் இருக்கு. 6,500 ஆகும்." வந்து பார்த்ததற்கு 450, அதன்மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 531 ரூபாய். ரசீது கொடுத்தார்.

43 அங்குல டிவிக்கு 6,500-ஐக் கொட்ட மனசு வரவில்லை. வைஃபைதானே போயிருக்கிறது, கம்பியில் இழுத்துவிடுவோம் என்று வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் 20 மீட்டர் லேன் கேபிள் வாங்கிவந்தேன். ஹாலிலிருந்து நிலைப்படி மேலாகக் கொண்டுபோய், பீரோவுக்குப் பின்னால் விட்டு, டிவியின் முதுகில் செருகினேன். இந்த மாதிரி டிவிகளில் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் துளைதான் இருக்கும், அது போதும். 'ஈதர்நெட் இணைக்கப்பட்டது. இணையம் இல்லை.'

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வைஃபையும் இல்லை, கம்பியும் இல்லை, ஹாட்ஸ்பாட்டும் இல்லை. மூன்று வழியிலும் ஒரே பதில் வருகிறதென்றால் பழுது வைஃபை பாகத்தில் இருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு எதில் என்பது மட்டும் தெரியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய பட்டன் போனை எடுத்து யாருக்கோ பேசினார். "டேய், பையன் அஞ்சு நாளா டிவிய நோண்டிக்கினு கீறான். நீ வந்து இன்னான்னு பாத்துட்டுப் போ."

வந்தவன் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு லைன் பார்க்கிற பையன். இருபத்து மூன்று வயது இருக்கும். தோளில் ஃபைபர் சுருள், பின் பாக்கெட்டில் ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டர். முதலில் மோடத்தைப் பார்த்தான். எல்லா விளக்கும் பச்சை. லாஸ் என்கிற விளக்கு சிவப்பில் சிமிட்டினால் ஃபைபர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அது அணைந்தே இருந்தது. ஆனாலும் தொழில் சுத்தம்: மோடத்திலிருந்து ஃபைபரின் பச்சைத் தலையைப் பிடுங்கி, தூசியைத் துடைத்து, மீட்டரில் செருகி என்னிடம் காட்டினான். மைனஸ் 21. "மைனஸ் 27 தாண்டுனாதான்ணா தொந்தரவு. போன மாசம் மொட்ட மாடில அணில் கடிச்சிருந்துச்சு, நான்தான் ஒட்டிட்டுப் போனேன்." 2021-ல் மின்வெட்டுக்கு அணிலைக் காரணம் சொன்ன அமைச்சரைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அப்புறம் அப்பாவின் அறைக்கு வந்தான். நான் வைஃபை பக்கத்தைத் திறந்து விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் அதைக் கேட்கவில்லை. டிவியின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, டிவில மணி இன்னா காட்டுது பாத்தீங்களா?"

எட்டு இருபது. வெளியே சாயங்காலம் நாலரை.

அமைப்புக்குள் போய்த் தேதியைத் திறந்தான். 1 ஜனவரி 2021. நான் வாங்குவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு நாள்.

அதற்குப் பிறகு அவன் விளக்க வேண்டியிருக்கவில்லை, எனக்கே வெட்கமாக இருந்தது. யூடியூபோ எதுவோ, டிவி கதவைத் தட்டும்போது அந்தத் தளம் தன் சான்றிதழைக் காட்டும். இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். டிவியின் கணக்கில் இது 2021 என்றால், போன மாதம் வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை. போலி என்று முடிவுகட்டி இணைப்பை அறுத்துவிடும். இணையம் வாசல்வரை வந்து நிற்கிறது, டிவி உள்ளே விட மறுக்கிறது. திரையில் மட்டும் 'இணையம் இல்லை' என்கிறது. அலுவலகத்தில் இதே காரணத்துக்காகச் சர்வர்களின் கடிகாரத்தைச் சரிசெய்திருக்கிறேன். அப்பாவின் டிவியில் மூலையைப் பார்க்கத் தோன்றவில்லை. நான் முதலில் உட்கார்ந்து நோண்டியது காலை எட்டு மணி வாக்கில். டிவியும் அப்போது எட்டு என்றுதான் காட்டியிருக்கும்.

தேதி ஏன் ஓடிப்போனது? அதற்கும் பையனிடம் பதில் இருந்தது. "நைட்டு பிளக்க ஆஃப் பண்றீங்களா தாத்தா?" அப்பா பெருமையோடு தலையாட்டினார். கேஸ், மோட்டார், டிவி எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் படுப்பார். இந்த மாதிரி டிவிக்குள் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் நேரம் மறந்துவிடும். மறுபடி போட்டதும் நெட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அப்படிக் கேட்கும் வசதியை இதில் யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள்.

"யாரு ஆஃப் பண்ணது?" என்றேன்.

"பக்கத்து வூட்டுப் பையன்தான்" என்றார் அப்பா. "நீ மாட்டிக் குடுத்ததுலேர்ந்து ரெண்டரை மணி நேரம் முன்னாடியே ஓடிக்கினு இருந்துச்சு. எத்தினி நாளு பொறுக்கிறது? அவன வுட்டு கரெக்ட்டு பண்ணேன்."

நேர மண்டலத்தைத் திறந்து பார்த்தேன். சிங்கப்பூர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விமானத்துக்கு நேரமாகிறது என்று 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திப் போனவன் நான். அப்பா இரண்டு வருஷம் சிங்கப்பூர் நேரத்தில் கூத்துப் பார்த்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையன் நேர மண்டலத்தை இந்திய நேரமான கொல்கத்தாவுக்கு மாற்றினான், 'நெட்வொர்க் நேரத்தைப் பயன்படுத்து' என்பதைப் போட்டான். சரியாக நான்கு நிமிஷ வேலை. என்ன கொடுக்க என்று கேட்டதற்கு "லைன் பிரச்சினை இல்லையேண்ணா" என்று இழுத்தவன், இருநூறைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டான். போகும்போது, மின்சாரம் போனாலும் மோடம் ஓட ஒரு மினி யுபிஎஸ் வாங்கிப் போடச் சொன்னான். "அடாப்டர்ல இன்னா வோல்ட்டு போட்டுக்குதுன்னு பாத்து வாங்குங்கண்ணா." எங்கள் மோடத்துக்கு 12 வோல்ட். வாங்கிப் போட்டேன், ஓடுகிறது.

கம்பெனிக்குப் போன் செய்து போர்டு வேண்டாம் என்றேன். 531 திரும்ப வராது என்றார்கள். கேட்டதே தப்புதான், அந்த மனிதர் மூலையைப் பார்க்கவில்லை, நானும்தான் பார்க்கவில்லை. 20 மீட்டர் கேபிளைக் கழற்றவில்லை. அம்மா அதன்மேல் துண்டு காயப்போடுகிறார்.

கிளம்புகிற அன்று காலை அப்பா வழக்கம்போல் சுவரில் சுவிட்சைப் போட்டார். டிவி விழித்து, ஒரு நொடி எங்கேயோ தடுமாறி, 6:42 என்று காட்டியது. என் போனிலும் 6:42. அப்பா திரும்பி, கல்யாணத்துக்கு வந்த சீர் என்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் 6:49.

"இப்ப ஏழு நிமிஷம் ஸ்லோவா ஓடுதுடா" என்றார்.