மாட்டுக் கொட்டகைக்கு ரப்பர் மேட்: கேத்தி பாலாடா பனியில் இரண்டு வருஷம் போட்டுப் பார்த்தது

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிமென்ட் தரை இருந்தால் வாங்குங்கள். ஆனால் வாரம் ஒரு தடவை தூக்கிக் கழுவ ஆள் இல்லையென்றால் வேண்டாம்.

எங்களுக்கு நீலகிரியில் கேத்தி பாலாடா பள்ளத்தில் ஒன்றரை ஏக்கர் கேரட் தோட்டம், வீட்டை ஒட்டிக் கொட்டகை, அதில் இரண்டு ஜெர்சி கலப்பு மாடு, ஒரு கிடாரிக் கன்று, அப்புறம் கொஞ்சம் கோழி. மேகமில்லாத ராத்திரியில் குளிர் மலைச்சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். மேலே தேயிலைக்காரர்கள் நீர்ப்பனியோடு தப்பித்துவிட, கீழே எங்கள் கேரட் தழை விடிகாலையில் உப்பு கொட்டியது போல உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஓஸுக்குள் தண்ணீர் கட்டியாகி, எட்டு மணிக்கு வெயில் பட்டால்தான் சொட்டும். அதற்காகவே ராத்திரியே இரண்டு டிரம் தண்ணீர் உள்ளே பிடித்து வைப்போம்.

இந்தக் குளிரில் மாடு படுப்பது சிமென்ட் தரையில். ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்கும், படுத்து அசை போட்டால்தான் அதற்கு ஓய்வு. எங்கள் வெள்ளச்சி மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் படுக்கவே மாட்டேன் என்று நின்றது. பாதி ராத்திரிக்கு டார்ச்சோடு போனால் நின்றபடியே கண்ணை மூடியிருக்கும். தரையில் மோதி மோதி முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கி, ஒன்றில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு போன் போட்டோம், வந்து பார்த்த டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, தரையை மாற்றாமல் இது ஆறாது என்றார். வைக்கோல் பரப்பலாம்தான், ஆனால் வைக்கோல் கீழே சமவெளியிலிருந்து லாரி ஏறி வர வேண்டும். தின்னக் கொடுக்கவே கணக்குப் பார்க்கிற பொருளை மூத்திரத்தில் நனையவிட மனசு வரவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி இரண்டு மேட் வரவழைத்தோம். ஆறரை அடி நீளம், 4 அடி அகலம், 15 மில்லி கனம், ஒன்று ஏறக்குறைய 40 கிலோ. லாரி வாடகையோடு சேர்த்து 5,800 ரூபாய் ஆனது. முதலில் வந்ததில் ஒன்று 15 மில்லி இல்லை, அளந்து பார்த்தால் 11 தான் இருந்தது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்றே சாதித்தார், மாற்றித் தர மூன்று வாரம் இழுத்தார். அதனால் வண்டியிலிருந்து இறக்கும்போதே ஸ்கேலை வைத்து ஓரத்தை அளந்துவிடுங்கள். கனம் குறைந்தால் முட்டிக்கு மெத்தென்று இருக்காது, ஓரமும் சுருண்டு மேலே எழும்பும்.

போட்ட முதல் நாள் இரண்டும் அதன் மேல் கால் வைக்கவில்லை. புது ரப்பர் நாற்றம் நமக்கே மூக்கில் ஏறும், மாட்டுக்கு எப்படி இருந்திருக்கும். இன்னொரு மாடு செவலை கழுத்தை நீட்டி மோந்து பார்த்து, முன்னங்கால் ஒன்றை வைத்து எடுத்தது, மறுபடி வைத்தது, பிறகு மேட்டுக்கு வெளியே சிமென்டிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா ஒரு கூடை பழைய வைக்கோலையும் கொஞ்சம் சாணத்தையும் மேலே இழுகிவிட்டார், மூன்றாம் நாள் படுத்தது. வெள்ளச்சிக்கு ஒரு வாரம் ஆனது. அது முதல் தடவை முட்டியை மடித்து தயங்காமல் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் கறக்க நாலரைக்கு எழுப்பும்போது மாடு எழுந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், நம் போர்வைக்குள் கைவிட்டது போல வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு சாண் தள்ளி சிமென்டில் வைத்தால் விரல் விறைக்கும். மேட் சூட்டை உண்டாக்குவதில்லை. மாட்டின் சூட்டைத் தரை உறிஞ்சாமல் நிறுத்துகிறது, அவ்வளவுதான். முட்டி வீக்கம் தை முடிவதற்குள் வற்றியது, அடுத்த ஆனியில் முடியும் முளைத்துவிட்டது.

பால் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். எங்களுக்குக் கூடவில்லை. பனியில் வழக்கமாகக் குறைகிற ஒரு லிட்டர் குறையாமல் நின்றது, ஆனால் அதே சமயத்தில்தான் குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கவும் ஆரம்பித்தோம். பச்சைத் தண்ணீரில் வாயை நனைத்துவிட்டு விலகுகிற மாடு வெந்நீர் கலந்தால் வாளியைக் காலி பண்ணும். தண்ணீர் குடிக்காத மாட்டில் பால் எங்கிருந்து வரும்? அதனால் பேரெல்லாம் மேட்டுக்கே என்று சொல்ல மாட்டேன்.

இப்போது குறை. முதல் வருஷம் நாங்கள் மேலே மட்டும் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு மாதம் கழித்து ஓரத்தைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் கூழ், புழு, கண்ணில் நீர் வரவைக்கிற நெடி. செவலைக்கு மடிநோய் வந்தது அந்த மாதம்தான். காம்பில் பால் திரிதிரியாக வந்தது, ஐந்து நாள் மருந்து, அத்தனை நாளும் அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் தம்பியும் இரும்புக் கொக்கி போட்டு மேட்டை இழுத்து வெயிலில் சாய்த்துவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு சுண்ணாம்புத் தூள் லேசாகத் தூவிப் போடுகிறோம். நாற்பது கிலோவை ஒரே ஆளாகத் தூக்கப் பார்க்காதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். தரையில் 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிவு வேண்டும், இல்லையென்றால் எந்த மேட் போட்டாலும் மூத்திரம் அடியில் நிற்கும். கழுவுவதையும் காலை பதினோரு மணிக்கு மாற்றிக்கொண்டோம். சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் விடிய விடிய ஈரம், அதில் மாடு படுத்தால் மேட் போட்ட பலனே போச்சு. சாயங்காலம் வைப்பரால் வழித்துத் தள்ளுவதோடு சரி. கறந்த கையோடு தீவனம் வைத்துவிடுவோம், தின்றுகொண்டே அரை மணி நேரம் நிற்கும், திறந்த காம்புத் துளை மூடுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

குளிருக்குப் பயந்து கொட்டகையைத் தார்ப்பாயால் மொத்தமாக மூடுகிறவர்கள் இங்கே நிறைய. சிறுத்தை பயத்தில் கதவை இறுக்கிச் சாத்துவது சரி, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் கூரைக்குக் கீழே ஒரு முழமாவது திறந்திருக்கட்டும், கம்பிவலை அடித்துக்கொள்ளலாம். காற்று போகாத கொட்டகையில் மேட் நெடியும் மூத்திர நெடியும் சேர்ந்து மாடு இருமும்.

மண் தரை வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம், குண்டும் குழியுமாக இறங்கி மேட் கிழிந்துவிடும். பிறந்த கன்றுக்கும் இது போதாது. கன்று விழுந்த உடனே சாக்கால் அழுத்தித் துடைத்து, சீம்பாலைக் குடிக்க வைத்து, காய்ந்த வைக்கோலில் கால் புதைகிற அளவுக்குப் போட்டுப் படுக்க வைப்பதுதான் அதற்குக் குளிர் தாங்கும் வழி. எங்கள் கிடாரிக்கு ஒன்றரை வயசாகிறது, அதுவும் இந்தக் கார்த்திகையில் சிமென்டுக்கு வருகிறது. அதற்கு மூன்றாவது மேட் சொல்லியிருக்கிறோம், வேறு கடையில், 17 மில்லியில். அளந்து பார்த்துத்தான் பணம் கொடுப்போம்.