நெல்லை டவுனில் நான் நம்பி ஆள் அனுப்பும் ஜாதகக் கடை

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே ஜாதகம் பார்க்கிறேன். பலன் சொல்வது, பொருத்தம் பார்ப்பது, நாள் குறித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஜாதக நோட்டே இல்லாமல் வருகிறவர்களையும், இருக்கிற நோட்டில் சந்தேகம் உள்ளவர்களையும் டவுனில் ஒரு கடைக்கு அனுப்பிவிடுவேன். வாகையடி முக்கிலிருந்து நடக்கிற தூரம், மாடியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஜாதகம் எங்கே போட்டாலும் ஒன்றுதானே என்று கேட்கிறவர்கள் நிறைய. சாஃப்ட்வேர் ஒன்றாக இருக்கலாம், அதற்குள் எதைப் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கடையில் நேரத்தைச் சொன்னதும் தட்டிவிட மாட்டார்கள். நேரம் யார் சொன்னது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா, பிள்ளை பிறந்தபோது பார்த்த நேரமா, வெளியே கொண்டுவந்து காட்டியபோது பார்த்த நேரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசிப் புள்ளி, சுமார் நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை நகரும். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கிற நவாம்சத்தில் லக்னம் கால் மணி நேரம்கூடத் தாங்காது, மாறிவிடும். கேட்காமல் போட்ட நேரத்தை வைத்து நான் என்ன பலன் சொல்ல முடியும்?

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது பேத்திக்கு ஜாதகம் எழுத ஓர் ஆச்சி வந்தார். "செவ்வாக்கெழம ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தா" என்றார். கவுண்டரில் இருந்த பெண் தேதியைத் தொடவில்லை. "விடிஞ்சா என்ன கிழமை ஆச்சி?" என்று கேட்டாள். "புதன்லா. விடிஞ்சதும்தான் அவ தாத்தா வந்து பாத்தாவ." அந்தப் பெண் புதன்கிழமைத் தேதியைப் போட்டாள். நமக்குச் சூரிய உதயத்தில் நாள் பிறக்கிறது, இங்கிலீஷ் தேதி நடுராத்திரியில் மாறுகிறது. செவ்வாய்க்கிழமைத் தேதியையே போட்டிருந்தால் சந்திரன் ஒரு நட்சத்திரம் பின்னே போயிருக்கும். சித்திரையில் பிறந்த பிள்ளை அஸ்தம் ஆகியிருக்கும். தசை, அதாவது ஒவ்வொரு கிரகமும் ஆளுகிற காலம், பிறந்த நட்சத்திரத்தை வைத்துத்தான் தொடங்கும். 7 வருஷச் செவ்வாய் தசையில் தொடங்க வேண்டிய ஜாதகம் 10 வருஷச் சந்திர தசையில் தொடங்கியிருக்கும். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு தசையும் தப்பாகத்தான் ஓடும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காத இடங்களிலிருந்து எத்தனையோ நோட்டு என் கைக்கு வந்திருக்கிறது.

பிறந்த ஊர் விஷயத்திலும் இதே கவனம். நம் பக்கத்து ஆட்கள் மும்பையில் எவ்வளவு பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே பிறந்த பெண் ஒருத்தியின் ஜாதகத்தை, சொந்த ஊர் திருநெல்வேலிதானே என்று வேறொரு கடையில் நெல்லையையே பிறந்த ஊராகப் போட்டு எழுதியிருந்தார்கள். கும்ப லக்னம், ரிஷபத்தில் செவ்வாய். லக்னத்திலிருந்து நாலாமிடத்தில் செவ்வாய், அதனால் செவ்வாய் தோஷம் என்றதும் வந்த வரனெல்லாம் தட்டிப் போயிற்று. மும்பை நமக்குக் கிட்டத்தட்ட 5 பாகை மேற்கே இருக்கிறது. அதாவது உள்ளூர் நேரம் சுமார் 20 நிமிஷம் பின்னே, அட்சரேகையும் வேறு. கும்பத்தின் முதல் பாகைகளில் நின்ற லக்னம், மும்பை என்று போட்டதும் மகரத்துக்குப் போய்விட்டது. ரிஷபம் ஐந்தாமிடம் ஆனது. சந்திரனிலிருந்து எண்ணினாலும் தோஷ இடம் இல்லை. புதுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டில் உட்கார்ந்து அழுதார். "அப்போ இத்தனை வருஷம் யாருக்கு ஜோசியரம்மா ஜாதகம் பாத்தோம்?" என்று கேட்டார். பிறந்த ஊர் எது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்த அலைச்சலே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, இவர்கள் பலன் அச்சடித்துத் தருவதில்லை. ராசிக்கட்டம், நவாம்சம், கிரகங்கள் நிற்கிற நட்சத்திரப் பாதங்களைக் காட்டும் பாதசாரம், பிறப்பதற்கு முன்பே கழிந்துபோன கர்ப்பச்செல் நீக்கிய தசை இருப்பு, தசாபுத்தி அட்டவணை, அவ்வளவுதான். மற்ற இடங்களில் ஐம்பது, அறுபது பக்கம் வருகிறது. அதில் 'கண்டம்', 'களத்திர தோஷம்' என்று படித்துவிட்டு ராத்திரி தூக்கம் இல்லாமல் வருகிறார்கள். அந்தப் பயத்தை இறக்கவே முதல் அரை மணி நேரம் போகும். பலனை ஆளைப் பார்த்து, வீட்டு நிலவரம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இது என் உறுதியான கருத்து. கல்லும் எந்திரமும் இங்கே விற்பதில்லை, பரிகாரத்துக்கு ஆள் சொல்வதும் இல்லை.

பழைய வாக்கியப் பஞ்சாங்கமா, வானியல் கணக்கில் திருத்திய திருக்கணிதமா என்று கேட்டு, தாளின் தலைப்பிலேயே அச்சிட்டு விடுகிறார்கள். வேண்டுமென்றால் இரண்டும் கிடைக்கும். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29-ல், வாக்கியப்படி 2026-ல்தான். அப்போது "ஏழரை தொடங்கிட்டா இல்லையா" என்று கேட்டு எனக்கு வந்த போனுக்குக் கணக்கில்லை. எந்தக் கணிதம் என்று தாளில் இருந்தால் விளக்கிச் சொல்வது சுலபம்.

பழைய நோட்டைப் பார்த்துப் புதிதாக எழுதித் தருவதும் உண்டு. நம் பக்கத்துப் பழைய ஜாதகங்களில் மலையாளத்துக் கொல்லம் ஆண்டுதான் இருக்கும், நேரம் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிற உதயாதி நாழிகையில் இருக்கும். கடைக்காரரின் அப்பா அதைத் தடுமாறாமல் வாசிக்கிறார். கொல்லம் 1150 ஆவணி என்றால் 1974 ஆகஸ்ட், ஆனந்த வருஷம் என்று கையோடு சொல்லிவிடுவார். நாழிகைக்கு 24 நிமிஷம் போட்டு அன்றைய உதயத்தோடு கூட்டி, கம்ப்யூட்டர் காட்டுகிற கட்டம் பழைய கட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார். இந்த வேலைக்கு இரண்டு நாள் கேட்பார்கள், கொடுக்கலாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். தசாபுத்தி அட்டவணையின் எழுத்து மிகவும் பொடி, பெரிய எழுத்தில் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன், இன்னும் மாறவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பிரதியில் தமிழ் வருஷமும் மாதமும் விடுபட்டுப் போகிறது. நாள் குறிக்க வருகிறவர்கள் அதனால் அச்சுத் தாளையே வாங்கிக்கொள்வது நல்லது. தை பிறந்துவிட்டால் கூட்டம் தாங்காது, காலையில் கடை திறந்ததும் போய்விட வேண்டும்.

ஒரே தாள் ஜாதகம் 50 ரூபாய், மஞ்சள் அட்டை போட்ட நோட்டு 300. பழைய நோட்டைப் பெயர்த்து எழுதுவதற்குத் தனிக் கூலி, நோட்டைப் பார்த்துச் சொல்வார்கள். போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டும் அப்பா அம்மா நட்சத்திரமும் கையில் இருக்கட்டும். சீட்டு இல்லாதவர்கள், பிரசவத்தின்போது கூட இருந்த பெரியவர்கள் யாரையாவது போனிலாவது பிடித்துக் கொடுங்கள். கடைக்காரர்களே பேசிக் கேட்டுக்கொள்வார்கள்.