மஹரகம பஸ்ஸும் எங்கள் வீட்டுத் தேடுபெட்டியும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தை வீட்டில் எல்லோரும் பாவிக்கும் கணினியில் ஒரு சமையல் குறிப்பைத் திறந்தேன். ஓரத்தில் தைரொயிட் சத்திரசிகிச்சை பற்றிய விளம்பரம். அடுத்த பக்கத்திலும் அதுவே. வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு வருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டபோது முகம் மாறிவிட்டது. கழுத்தில் ஒரு கட்டி. ஸ்கான் முடிவு வரும்வரை எங்களுக்குச் சொல்வதில்லை என்று வைத்திருந்திருக்கிறா. "இவைக்கு எப்பிடித் தம்பி தெரிஞ்சது?" என்று கேட்டா. பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அவ தன் வாயால் எனக்குச் சொல்லவேண்டியதை விளம்பரம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அந்தக் கிழமையே வீட்டிலுள்ள கருவிகளில் தேடுபொறியை மாற்றத் தொடங்கினேன்.

அந்த விளம்பரம் தேடலிலிருந்து வந்ததா, அம்மா திறந்து வாசித்த மருத்துவத் தளங்களின் பின்தொடர் நிரல்களிலிருந்து (யார் எதைப் பார்க்கிறார் என்று குறித்து வைப்பவை) வந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் தேடுபொறியை மாற்றியதோடு நிற்காமல் பயர்பொக்ஸ் உலாவியில், விளம்பரங்களையும் அந்த நிரல்களையும் தடுக்கும் யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியையும் போட்டேன். உலாவியின் இன்கொக்னிட்டோ சாளரத்தில் தேடினால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். அது உங்கள் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். தேடல் போய்ச் சேரும் இடத்தில் பதிவாவதை அது தடுக்காது.

பெயர் தெரியாவிட்டால் சரிதானே என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது 2006 இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தில் நடந்த விவகாரம். ஏறத்தாழ 6,50,000 பேரின் 2 கோடித் தேடல்களை, பெயர்களை எடுத்துவிட்டு வெறும் இலக்கங்களோடு அந்த நிறுவனம் ஆய்வுக்கென்று வெளியிட்டது. சில நாட்களுக்குள் பத்திரிகையாளர்கள் ஓர் இலக்கத்துக்குப் பின்னால் இருந்த வயதான பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தேடியவையே அவரைக் காட்டிக்கொடுத்தன.

முதல் வருடம் முழுக்க, தேடுபவரைப் பின்தொடர்வதில்லை என்று சொல்லும் டக்டக்கோ தேடுபொறி. 2008 இல் தொடங்கியது. இணைப்புகளில் பெரும்பகுதியை மைக்ரோசொப்டின் தேடுபொறியான பிங்கிடமிருந்து பெறுகிறது. 2024 மே 23 ஆம் திகதி பிங் விழுந்தபோது டக்டக்கோவும் ஈகோசியா என்ற இன்னொரு தேடுபொறியும் சேர்ந்து விழுந்ததற்குக் காரணம் அதுதான். எனக்குப் பிடித்த வசதி, ஆச்சரியக்குறியும் ஓர் எழுத்தும் போட்டால் நேரே வேறு தளத்தில் தேடுவது. ஆனால் ஆச்சரியக்குறியோடு ஜீ போட்டுக் கூகுளுக்குப் போனால் அது சாதாரணக் கூகுள் தேடல்தான். மறைப்பு எதுவும் கூட வராது. இதைத் தெரியாமல் பலர் பாவிக்கிறார்கள். 2022 இல் டக்டக்கோவின் உலாவி மைக்ரோசொப்டின் சில பின்தொடர் நிரல்களை விட்டுவைத்தது வெளியே வந்து, பிறகு திருத்தினார்கள். அது தேடுபொறியில் நடந்ததல்ல, ஆனால் காரணம் தேடலுக்காக மைக்ரோசொப்டோடு செய்த ஒப்பந்தம். தனியுரிமை என்று சொல்பவர்களின் ஒப்பந்தங்களையும் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆங்கிலத்தில் தேடும்போது குறை தெரியவில்லை. மருந்தின் பக்கவிளைவு, வங்கிக் கடன், நிரல் எழுதும்போது வரும் பிழைச் செய்தி, எல்லாமே கிடைத்தன. பிரச்சினை தமிழில். இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்படுவது. என் பழைய தேடல்களை அறியாத ஒரு பொறிக்கு நான் கொழும்பில் இருந்து கேட்கிறேன் என்பதை எழுத்தே சொல்லவேண்டும். "சீனி வருத்தம்" என்று அம்மா தட்டுவா. உலகம் எழுதி வைத்திருப்பது "சர்க்கரை நோய்". நாங்கள் வைத்தியசாலை என்போம், அங்கே மருத்துவமனை. ஒரே ஊரை மஹரகம என்றும் மகரகம என்றும் எழுதுகிறோம். வெள்ளவத்தை, வெள்ளவத்தையில், வெள்ளவத்தைக்கு என்று வேற்றுமை உருபு ஏறினால் சில பொறிகளுக்கு அவை மூன்று வேறு சொற்கள். என் கணக்கில், தமிழில் தட்டிய பத்தில் நாலு தேடலுக்காவது திரும்பக் கூகுளுக்கு ஓடினேன்.

எந்தப் பொறிக்கும் அகப்படாத இன்னொரு குவியலும் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய சுற்றறிக்கைகள், பாடசாலை மலர்கள், விண்ணப்பப் படிவங்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் இல்லாததைத் தமிழில் கேட்டால் எப்படி வரும்? பழைய ஈழத்துப் பத்திரிகையோ சஞ்சிகையோ வேண்டுமென்றால் நான் தேடுபொறியை விட்டு அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் என்ற தளத்துக்கே நேரே போகிறேன்.

இதையெல்லாம் வைத்து எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மறைக்கவேண்டியதை ஆங்கிலத்தில், தனியுரிமைப் பொறியில் தேடு. ஊர் விஷயத்தை, கடை, பஸ், பிரதேச செயலகத்தைக் கூகுளில் தேடு, அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. பிறகு பழைய கணினியைக் கழிக்குமுன் அதன் உலாவி வரலாற்றைத் திறந்தேன். அம்மாவின் அந்தக் கிழமைகளில் நாலு தடவை: "மஹரகம 138 பஸ் நேரம்". மஹரகம என்றால் புற்றுநோய் வைத்தியசாலை என்று இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தனியே போய்வர யோசித்திருக்கிறா. பஸ் நேரத்தை விடச் சாதாரண ஊர் விஷயம் வேறில்லை, அதை விட அந்தரங்கமானதும் வேறில்லை. அம்மா ஆங்கிலத்தில் தேடுபவவும் அல்ல. என் கணக்கில் அவவுக்கு இடமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்பேஜ். நெதர்லாந்து நிறுவனம், இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் இலக்கமான ஐபி முகவரியை நீக்கிவிட்டுக் கூகுளிடம் தானே கேட்டு வாங்கித் தருகிறது. ஆகவே தமிழ் முடிவுகள் கூகுளின் தரத்துக்குக் கிட்டவாக வருகின்றன. 2019 இல் சிஸ்டம் ஒன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் இதில் முதலிட்டது. அது எனக்கு இன்னமும் உறுத்தல்தான். கூகுள் கதவை அடைத்தால் என்ன ஆகும் என்பதும் கேள்விதான். அதனால் 2021 இல் வந்த, இணையப் பக்கங்களின் சொந்த அட்டவணையை (தேடலுக்கான பதிவேட்டை) வைத்திருக்கும் பிரேவ் தேடலையும் என் கணினியில் வைத்திருக்கிறேன். காகி என்ற கட்டணத் தேடுபொறியில் மாதம் 10 டொலர் கட்டினால் அளவில்லாமல் தேடலாம். சம்பளம் ரூபாயில் வரும் எனக்கு அது கட்டாது.

கூகுளை முற்றாக விடவில்லை. வரைபடத்துக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் கணக்கின் செயற்பாட்டுப் பதிவை 3 மாதத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன். 2020 ஜூனுக்கு முன் திறந்த கணக்கென்றால் நீங்களாகப் போய் இதை மாற்றாதவரை பழையவை அப்படியே கிடக்கலாம்.

அம்மாவின் போனில் இப்போது ஸ்டார்ட்பேஜ்தான் முதற்பக்கம். இடத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டப் பழகிவிட்டா. போன மாதம் கேட்டா: "இதில தேடினா ஒருத்தருக்கும் தெரியாதுதானே?" "நீங்கள்தான் தேடினது எண்டு கூகுளுக்குத் தெரியாது அம்மா. ஆனா திறந்து பாக்கிற பக்கத்துக்குத் தெரியலாம்" என்று சொல்லி, ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் இருக்கும், பக்கத்தை ஸ்டார்ட்பேஜ் வழியாகத் திறக்கும் அநாமதேயப் பார்வையைக் காட்டினேன். அப்படித் திறந்தால் பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். மருத்துவம் என்றால் அவ காத்திருந்து அப்படித்தான் திறக்கிறா.