லாடமா, வெறுங்குளம்பா, ரப்பர் பூட்டா? பழனிமலைப் பாதைகளில் மட்டக்குதிரையின் குளம்புகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகக் கிளாவரைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் தார்ச்சாலை. வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையோ, கல்லும் வேருமாக, 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து சமவெளி வரை செங்குத்தாகச் சரிகிறது. பொதிக்குதிரைகளையே நெடுங்காலம் நம்பியிருந்த பாதை அது. ஒரு மட்டக்குதிரையுடன் பல நாள் நடக்க விரும்புபவர், இவ்விரு தரைகளில் எது தம் பயணத்தில் மிகுதி என்பதைக் கணக்கிட்ட பிறகே குளம்புக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

குளம்பின் சுவர் மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையே வளரும். தாரிலும் சரளையிலும் நாள்தோறும் பல மணி நேரம் நடக்கும் குதிரைக்குத் தேய்மானம் இந்த வளர்ச்சியை மிஞ்சிவிடுவதால், இரும்பு லாடம் இங்கே முதல் தேர்வாக நிற்கிறது. உழைப்புக்கு ஈடு கொடுப்பதில் அதற்கு இணையில்லை. ஆயினும் அதன் நன்மை முழுவதும் அடிப்பவரின் கையில் இருக்கிறது. உணர்ச்சியற்ற வெளிச்சுவருக்கும் உள்ளங்காலுக்கும் இடையே ஓடும் வெள்ளைக்கோட்டுக்கு வெளிப்புறமாகவே ஆணி இறங்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் உயிர்ச்சதையைக் குத்தும் அல்லது அழுத்தும், அழுத்தத்தால் வரும் நொண்டல் சில நாள் கழித்தே வெளிப்படலாம். புறப்படுவதற்கு முந்தைய நாள் லாடம் அடிப்பது தவறு என்பதும், ஒரு வாரமாவது முன்னதாக அடித்து நடக்க விட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். எடை விழும்போது குதிகால் பக்கம் குளம்பு சற்று விரிவதால், குளம்பின் அகன்ற பகுதிக்குப் பின்னே ஆணி அடிக்கக்கூடாது. மாட்டுக்கு லாடம் அடிப்பவர் ஊரில் இருக்கிறார் என்று குதிரையை அவரிடம் ஒப்படைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: மாட்டின் குளம்பு பிளவுபட்டது, அதற்கு இரு துண்டு லாடம், அந்தக் கைப்பழக்கம் குதிரைக்கு அப்படியே பொருந்திவிடாது.

இரும்பின் இன்னொரு குறை வழுக்கல். ஈரமான பாறையிலும் வழவழப்பான தாரிலும் தேய்ந்த லாடம் பிடிமானம் தராது. இறக்கத்தில், முதுகில் பொதியும் இருந்தால், இது சிறிய ஆபத்தல்ல. பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மீண்டும் அடிக்க வேண்டியிருப்பதால், நீண்ட பயணத்தில் இடையில் எந்த ஊரில் ஆள் கிடைப்பார் என்பதையும் முன்னரே விசாரித்து வைக்க வேண்டும்.

வெறுங்குளம்புக்குச் செலவு குறைவு, பாறையில் பிடிமானமும் நன்று. மட்டக்குதிரைகளின் குளம்பு பெரும்பாலும் உறுதியானது என்பதால் இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. மண்ணும் புல்லுமான காட்டுவழிக்கு நானும் இதையே சொல்வேன். ஆனால் பல ஆண்டுகள் லாடத்தில் நடந்த குதிரையின் லாடத்தைப் பிடுங்கிவிட்டு அடுத்த வாரமே மலையேற்றுவது கொடுமை. மேலிருந்து புதிய சுவர் வளர்ந்து முன்பக்க நுனியை எட்டவே 9 முதல் 12 மாதம் ஆகிறது. அதுவரை படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டால் கல்லில் இடித்துச் சில்லு பெயர்வது குறையும்.

ரப்பர் பூட், அதாவது குளம்பில் மாட்டும் ரப்பர் காலணி, இவ்விரண்டுக்கும் நடுவழி. வேண்டும்போது மாட்டி, முகாமில் கழற்றிவிடலாம். கேட்க அழகான ஏற்பாடுதான். அளவு சற்றே பிசகினாலும் குதிகால் மேட்டில் உராய்ந்து புண்ணாக்கும், சேற்றில் கழன்று விழும், உள்ளே புகும் மணல் தோலை அறுக்கும். குளம்பைச் சீவிய பிறகே அளவெடுக்க வேண்டும். மலையூர்க் கடைகளில் இது கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தார் மிகுந்த கிளாவரை வழிக்கு நான் இரும்பையே தேர்வேன், அதுவும் முன்னங்கால்களுக்கு மட்டும். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அவையே தாங்குகின்றன. பின்குளம்புகள் உறுதியாக இருந்தால் வெறுமையாக விடலாம், ஏற்றத்தில் உந்தும்போது அவற்றின் முனை தேய்வதை மட்டும் கவனிக்க வேண்டும். வெள்ளகவிப் பாதைக்கு, பழகிய குதிரையானால் வெறுங்குளம்பு. பழகாததானால் அந்தப் பயணமே வேண்டாம். எந்தத் தேர்விலும் ஒரு ரப்பர் பூட் பொதியில் இருக்கட்டும். வழியில் லாடம் விழுந்தால், எஞ்சிய ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிவிட்டு அந்தப் பூட்டை மாட்டி, அடுத்த ஊர் வரை ஏறாமல் நடத்திச் செல்லலாம்.

மழைக்காலத்தில் இம்மூன்று ஏற்பாடுகளுக்கும் வலு குறைகிறது. ஊறிய சுவரில் ஆணி தளர்கிறது, வெறுங்குளம்பு மெத்தென்றாகிக் கல்லுக்கு நோகிறது, பூட்டுக்குள் நீர் தேங்குகிறது. உள்ளங்காலின் நடுவிலுள்ள முக்கோண மெத்தையின் பள்ளங்களில் கறுத்த, நாற்றமுள்ள கசிவு கண்டால் அது அழுகலின் தொடக்கம். மாலைதோறும் கொக்கியால் சேற்றை நீக்கி, உலர்ந்த தரையில் கட்ட வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொடைமலையில் உலர்ந்த தரை அரிது என்பதால், தை வரை பொறுத்திருக்க முடிந்தவர் பொறுத்திருப்பது நல்லது.