ஒரே ரைபிள், பல லாட்கள்: பாயின்ட் 22 தோட்டா அனுபவம்

பாயின்ட் 22 ரைபிளில் (0.22 அங்குலக் குழல் கொண்டது) 50 மீட்டர் சுடத் தொடங்கும் யாரும் முதலில் கேட்பது, "எந்தத் தோட்டா நல்லது?" என்பதுதான். சில வருடங்களாக ஒரே ரைபிளில் பல தோட்டாக்களை மாற்றி மாற்றிச் சுட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயரைவிட, ஓரத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே தடவையில் சேர்ந்து தயாரான தொகுதிதான் லாட். ஒரே பெயரில் வந்த இரண்டு லாட்கள் என் ரைபிளில் இரண்டு வேறு தோட்டாக்கள் போலவே சுட்டன.

காரணம் இந்தத் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய ரைபிள் தோட்டாக்களில் பிரைமர், அதாவது அடி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பொருள், அடிப்பக்கத்தின் நடுவில் தனியாக இருக்கும். அதைக் கழற்றிப் புதிதாக வைத்து, வெடிமருந்தை நம் ரைபிளுக்கு ஏற்றபடி அளந்து நிரப்பிக்கொள்ளலாம். இதில் அந்த வசதி கிடையாது. பிரைமர் கலவையை ஈரமாக உறைக்குள் வைத்துச் சுழற்றி, அடி விளிம்புக்குள் பரவ விடுகிறார்கள். ரைபிளின் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) அந்த விளிம்பில் ஓரிடத்தில்தான் அடிக்கும். அங்கே கலவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மருந்து பற்றும் விதம் மாறும், கூடவே வேகமும் மாறும். மொத்த மருந்தே ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதனால் துளி வித்தியாசமும் தெரிந்துவிடுகிறது. தயாரிக்கும்போது கலவையும் ஈயமும் மெழுகும் இயந்திரமும் எந்த நிலையில் இருந்தனவோ, அதுதான் அந்த லாட்டின் குணம். நாம் செய்ய முடிந்தது தேர்ந்தெடுப்பது மட்டுமே.

வேகம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேட்ச் தோட்டாக்கள், அதாவது போட்டிக்கென்று செய்பவை, பொதுவாக நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதில் 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, 50 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 7 மி.மீ. மேலேயோ கீழேயோ விழும். சர்வதேசப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி தரும் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். அட்டையில் துளைகள் பக்கவாட்டில் பரவினால் முதலில் காற்றைச் சந்தேகிப்பேன். மேலும் கீழுமாக நீண்டு நின்றால் தோட்டாவைத்தான். ஹை வெலாசிட்டி தோட்டாக்களை நான் சோதிப்பதே இல்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறுகிறது, காற்றில் விலகுவதும் அதில்தான் அதிகம்.

சோதனை முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். மூன்று தோட்டா சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்தவுடன் "கிடைத்துவிட்டது" என்று முடிவு செய்கிறார்கள். அட்டையில் துளைகள் சேர்ந்து விழும் கூட்டத்தைத்தான் குரூப் என்கிறோம், அது சிறிதாக இருந்தால் நல்லது. ஒரே தோட்டாவில் ஐந்து சுட்டு வரும் குரூப்பைவிட, பத்து சுட்டால் வரும் குரூப் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும். மூன்று சுட்டால் வருவது பத்தின் குரூப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தோட்டா அதேதான், எண்ணிக்கைதான் கண்ணைக் கட்டுகிறது. அதனால் பத்து பத்தாகத்தான் சுடுவேன், அதையும் வெவ்வேறு நாட்களில். ரைபிள் முன்னும் பின்னும் மணல் பையில் அமர்ந்திருக்கும், நேரம் காற்று அடங்கிய அதிகாலை.

அடுத்தது மெழுகு. இந்தக் குண்டுகளின் வெளிப்பக்கம் மெழுகுப் பூச்சு உண்டு, விரலில் எடுத்தாலே பிசுபிசுக்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு வகை பூசுகிறார்கள். தோட்டாவை மாற்றியதும் பேரலுக்குள் பழைய மெழுகும் புதியதும் கலந்து கிடக்கும்போது குரூப் விரியும். பத்து இருபது சுட்ட பிறகுதான் அடங்கும். இந்த முதல் சுற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை. சேம்பருக்கு (தோட்டா அமரும் அறை) முன்னால் படியும் கரியையும் சோதனைக்கு முன் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நல்ல லாட்டின் மேல் வீண் பழி விழும். ஸ்டாக்கின் (ரைபிளைத் தாங்கும் கட்டை) திருகுகளும் ஸ்கோப் மவுன்ட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது.

சரி, முடிவுகள். என் ரைபிளுக்கு லாபுவா நிறுவனத்தின் சென்டர்-எக்ஸ் தோட்டாவில் ஒரு லாட் மிகவும் பொருந்தியது. துளைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால், பத்து குண்டுக்கு பெரும்பாலும் 14, 15 மி.மீ. வந்தது, மோசமான நாளிலும் 17ஐத் தாண்டவில்லை. குண்டு பட்ட துளையின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், 16 மி.மீ. குரூப்பை நடுவில் நிறுத்தினால் அத்தனையும் பத்து. எஸ்கே ரைபிள் மேட்ச் என்ற தோட்டா அதற்கு வெகு அருகில் வந்தது, பயிற்சிக்கு இன்றும் அதைத்தான் சுடுகிறேன்.

பெயர் பெற்ற, விலை கூடிய இன்னொரு தோட்டாவும் இருந்தது. அதன் சிறந்த குரூப் 11 மி.மீ., என் கைக்கு வந்ததிலேயே மிகச் சிறியது. மனம் அதன் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் அதே லாட்டில் ஒன்பது துளைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்க, பத்தாவது மட்டும் நேர் கீழே எட்டு வளையத்தில் போய் விழுந்த அட்டைகளும் உண்டு. கைநடுக்கம் என்று சொல்ல முடியாது, ரைபிள் பையில்தான் இருந்தது. போட்டியில் அந்த ஒரு குண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு லாட்டை அதன் மிக மோசமான குரூப்பை வைத்துத்தான் எடைபோடுகிறேன். இதே லாட் வேறொருவரின் ரைபிளில் அற்புதமாகச் சுடலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தோட்டாவை எடை பார்த்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மொத்த எடையில் குண்டும் உறையும்தான் பெரும்பங்கு, மருந்தின் வித்தியாசம் அதில் மறைந்துவிடுகிறது. விளிம்பின் தடிமனை அளந்து பிரித்ததில், சாதாரணத் தோட்டாக்களில் தாறுமாறாகப் போகும் குண்டுகள் ஓரளவு குறைந்தன. மேட்ச் தோட்டாக்களில் ஒரு மாற்றமும் இல்லை.

குளிரையும் சேர்த்துச் சோதியுங்கள். மெழுகு இறுகும், மருந்து எரிவதும் மாறும். பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயாத்லான் விளையாட்டின் வீரர்களுக்கென்று லாபுவா 'போலார் பயாத்லான்' என்று தனித் தோட்டாவே செய்கிறது என்றால் விஷயம் எவ்வளவு முக்கியம் என்று புரியும். வெயில் நாட்களில் முதலிடத்தில் இருந்த ஒரு லாட், குளிர்காலத்தில் என் பட்டியலில் மூன்றாவதாக இறங்கியது.

வாய்ப்பு இருப்பவர்கள் தயாரிப்பாளர்களின் சோதனைக்கூடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஈலி நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமிலும், லாபுவாவுக்கு ஜெர்மனியின் ஷோனபெக்கிலும் இருக்கின்றன. நம் ரைபிளையே பொருத்தி, கையிருப்பில் உள்ள லாட்களை வரிசையாகச் சுட்டுக் காட்டுவார்கள். ஆள் கை படாத சோதனை என்பதால் குழப்பமில்லாத பதில் கிடைக்கும்.

பொருந்தும் லாட் கிடைத்ததும் முடிந்த அளவு மொத்தமாக வாங்கி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்துவிடுகிறேன். அது தீரும் வரை காத்திருக்காமல் அடுத்த லாட்டின் சோதனையை ஆரம்பிப்பேன். அப்போது பழைய லாட்டிலும் பத்து பத்தாக இடையிடையே சுடுவது வழக்கம். புதியது விரிந்த அன்று பழையதும் விரிந்திருந்தால் அது காற்றின் வேலை. பழையது அடங்கி நிற்க, புதியது மட்டும் விரிந்தால் அந்த லாட்டை அன்றோடு விட்டுவிடுவேன்.