தகரப் பெட்டியா, பால் கேனா? வார்சா கெட்டோ ஆவணங்கள்

ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதிய ராகேல் அவுர்பாக், இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் போலந்தின் வார்சா நகர யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வார்சா கெட்டோவில் சூப் கூடம் நடத்திக்கொண்டே இம்மானுவேல் ரிங்கல்பிளும் அமைத்த ரகசிய ஆவணக் குழுவுக்கும் எழுதினார். கெட்டோ வாழ்க்கையைப் பதிவுசெய்த தன் தாள்களைக் குழு நோவோலிப்கி 68-ஆம் எண் பள்ளிக்கு அடியில் இரண்டு முறை புதைத்தது.

முதல் முறை, 1942 ஆகஸ்டில், கெட்டோ யூதர்களைக் கொலைமுகாமுக்கு நாடுகடத்தல் நடந்துகொண்டிருந்த அவசரத்தில், 10 தகரப் பெட்டிகள். விளிம்புகளைப் பற்றவைத்து அடைக்கவில்லை. 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுத்தபோது உள்ளே தண்ணீர். தாள்கள் ஊறி ஒட்டியிருந்தன, பூஞ்சையும் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்த வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை, 1943 பிப்ரவரியில், இரண்டு அலுமினியப் பால் கேன்கள். 1950 டிசம்பரில்தான் கிடைத்தன. முன்னதைவிட மூன்றாண்டுக்கும் மேல் கூடுதலாக மண்ணில் கிடந்தும் தாள்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. திரவம் ஒழுகாதபடி செய்த பாத்திரமாயிற்றே! ஈரத்தைத் தாங்கக் கேன்தான் மேல்.

எதில் வைத்தாலும், தேடச் சொல்ல ஆள் மிஞ்ச வேண்டும். குழுவில் உயிர் தப்பிய மூவரில் ஒருவரான அவுர்பாக், போருக்குப் பின் தோண்டச் சொல்லி விடாமல் வற்புறுத்தினார். இடம் தெரிந்தவர் இன்னொருவரான ஹெர்ஷ் வாசர். வேறோர் இடத்தில் புதைத்ததாகச் சொல்லப்படும் மூன்றாவது தொகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.